‘ஆஃப்’ என்றால் விடுமுறை என்று நினைத்திருந்தேன்

1

பன்னிரண்டாம் வகுப்பில், தமிழ்வழியில், ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள் நான். அப்படிப்பட்டவள் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு யாராவது வந்தால் காப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிற ஆள். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதால் துணிந்துவிட்டேன்.

நான் அறந்தாங்கிப் பக்கம். கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்து, பேராக் மாநிலத்தில் ஈப்போ என்கிற ஊரில் குடியிருக்கிறேன். போன மாதத்தோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் குணா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டம் இப்போது பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி வீட்டுமனை. எங்களுக்கு ஒரே மகள், ஹேமா. பினாங்கில் வேலை பார்க்கிறாள். நான் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு சேலைக்கடையில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று எழுதாமல் நிற்கிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், அங்கே எங்களுக்கு நாற்காலி கிடையாது.

ஊருக்குப் போன் செய்தால் அண்ணன் மகன், “அத்தை, உங்களுக்கு இங்கிலீஷ் இப்ப தண்ணி பட்ட பாடா இருக்குமே” என்கிறான். அவன் நினைப்பு அப்படி. இங்கே அரசாங்க கவுண்டரில் மலாய். பாசாரில் மீன் வாங்கினால் சீனர்களோடு உடைந்த மலாய், நடுவே நாலு கான்டனீஸ் சொல். கடையில் தமிழ். ஆங்கிலம் இல்லாமலே இந்த ஊரில் ஒரு ஆயுசை முடித்துவிடலாம். ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் தான் உயர்த்தி என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் ஆங்கிலம் கட்டாயமாகத் தேவைப்படுகிறது. எனக்கும் அப்படித்தான் தேவைப்பட்டது.

2

ஹேமா ஒரு பையனை விரும்பினாள். பெயர் தினேஷ். ஈப்போவிலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. பார்க்க நல்ல பையன், வாயைத் திறந்தால் “ஓகே ஆண்டி” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அடக்கம் என்று நினைத்தேன்.

அவன் அம்மா லலிதா அக்கா, தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை, தாமான் என்று இங்கே சொல்கிற எங்கள் குடியிருப்புக்கு வந்தபோது வாசலிலேயே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் சிரித்தேன். அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். கடைசியில் குணா, “அக்கா, அவங்க இந்தியாலேருந்து வந்தவங்க, இங்கிலீஷ் அவ்வளவா வராது லா” என்றார். லலிதா அக்கா, “ஓ, ஊர்க்காரங்களா” என்றார். ஊர்க்காரங்க என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று விமானம் இறங்கிய ஆள், எண்ணெய்த் தலை, பிழைக்க வந்தது என்று அர்த்தம். நிரந்தரமாகத் தங்க சிவப்பு ஐசி அட்டை கிடைத்து எத்தனையோ வருடமானாலும் நான் நேற்று இறங்கியவள்தான்.

இவ்வளவுக்கும் அந்த அம்மாளின் அப்பா என் மாமனார் வேலை பார்த்த அதே தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். ரெண்டு குடும்பமும் ஒரே வரிசை லயத்து வீடு. லலிதா அக்கா படித்தது அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். குணா அவரை விட நாலு வகுப்புச் சின்னவர். “சின்னதுல நல்லா தமிழ்லதான் திட்டும்” என்று பிறகு சொன்னார். வந்தவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “எதுக்கு லா, சம்பந்தி ஆகப்போறவங்க” என்றார்.

அவர்கள் போனபின் ஹேமா என்னிடம், “மா, கொஞ்சம் இங்கிலீஷ் பேசப் பழகிக்கிங்க மா, ரிசப்ஷன்ல எல்லாரும் வருவாங்க” என்றாள். கெஞ்சலாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள். என் மகள் வயிற்றில் இருக்கும்போதே நான் இந்த நாட்டு வெயிலில் கவுண்டர் கவுண்டராக நின்றவள். அவளுக்காகத்தான் வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டினேன். இப்போது வாய் திறக்கவில்லை என்பது குறையாகிவிட்டது. சரி, கற்றுக்கொண்டால் போயிற்று என்று சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

3

வகுப்பு ஒரு கடைவீட்டின் மாடியில். இலவசம். நடத்துபவர் ஜோசப் சார், காப்புறுதி நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் வைக்கிற புத்தகம் இங்கிலாந்தில் அச்சானது. பக்கத்துக்குப் பக்கம் குடை பிடித்த வெள்ளைக்காரர்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். வகுப்பில் இருந்தது நாங்கள் எட்டு ஒன்பது பெண்கள், ஒரு ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். அவர் தூங்குவதற்காக வருவார், அங்கே குளிர்சாதனம் உண்டு.

சார் எடுத்த பாடம் ஃபிரேசல் வெர்ப். வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், அவுட், ஆஃப், டவுன் என்று ஒரு வால் ஒட்டினால் அர்த்தம் மாறிவிடும். எப்படி மாறும் என்பதற்குக் கணக்கு ஒன்றும் கிடையாது. லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பராமரி. லுக் டவுன் ஆன் என்றால் கேவலமாகப் பார். கிவ் என்றால் கொடு, கிவ் அப் என்றால் விட்டுவிடு. ஏன் என்று கேட்கக் கூடாது. “தட்ஸ் இங்கிலீஷ்” என்பார் சார், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

ஃபில் இன், ஃபில் அப், ஃபில் அவுட் என்று மூன்றை எழுதிப் போட்டார். என்ன வித்தியாசம் என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். பாரத்தை நிரப்புவது என்று வந்தால் மூன்றும் ஒன்றுதானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாவுக்கும் ஐசிக்கும் நான் குடிநுழைவு அலுவலகத்தில் நிரப்பாத பாரம் கிடையாது. உள்ளே நிரப்பினாலும் வெளியே நிரப்பினாலும் மேலே நிரப்பினாலும் கவுண்டரில் இருந்தவர் சொன்னது ஒரே சொல்: துங்கு. காத்திரு. எதற்காக, யாருக்காக, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் ஒட்டாத மொட்டைச் சொல். அதற்கு வால் கிடையாது, அர்த்தமும் ஒரு நாளும் மாறவில்லை.

அடுத்து இந்த வினைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். செய்தவர் செய்ததை ஏதோ ஒன்றின்மேல் செய்தால் ட்ரான்ஸிட்டிவ். யார்மேலும் எதன்மேலும் இல்லாமல் தானாக நடந்தால் இன்ட்ரான்ஸிட்டிவ். இதைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம் ஞாபகம் வந்தது. செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை. குன்றிய என்ற சொல்லைப் படித்த அன்றைக்கு, என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் எழுந்து நின்றாலே குன்றிப்போகிறவள் நான்.

இன்னொரு விதியும் சொன்னார். சில வாலைக் கழற்றித் தள்ளி வைக்கலாம். பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஆனால் ‘இட்’ வந்தால் கட்டாயம் நடுவில்தான் வரவேண்டும். டர்ன் இட் ஆஃப் என்பது சரி, டர்ன் ஆஃப் இட் என்றால் தப்பு. இங்கே சின்னப் பிள்ளைகூட “லைட்ட ஆஃப் பண்ணு” என்று சொல்லி, லைட்டும் அணைந்துவிடுகிறது. அந்த ஒரு ‘இட்’டுக்கு எங்கே இடம் என்று ஒன்பது பேர் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்தோம். அதைவிட வீட்டில் துணி மடித்திருக்கலாம்.

4

பரிசத்துக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. லலிதா அக்கா, “தினேஷ் ஷிஃப்டு பார்த்துட்டு நானே கூப்பிடுறேன்” என்று சொல்லியிருந்தார். அழைப்பு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆங்கிலத்தில். டியர் சிஸ்டர், ஆஃப்டர் திங்கிங் ஸோ மச், வீ ஆர் காலிங் இட் ஆஃப். ஹோப் யூ அண்டர்ஸ்டாண்ட்.

கடையில் நின்றுகொண்டே படித்தேன். டியர் சிஸ்டர், புரிந்தது. ரொம்ப யோசித்தார்களாம், புரிந்தது. வீ ஆர் காலிங், கூப்பிடுகிறோம். எப்போது? ஆஃப்.

மலேசியாவில் ஆஃப் என்றால் வாராந்தர விடுமுறை. “நாளைக்கு எனக்கு ஆஃப்”, “அண்ணே இன்னைக்கு ஆஃப் லா” என்றுதான் தினமும் காதில் விழும். தினேஷுக்கு ஆஃப் வியாழக்கிழமை. ஆக, அவன் ஆஃப் அன்றைக்குக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் குணாவிடமும் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார்.

“ஆமா. ஆஃப் அன்னைக்குக் கூப்பிடுவாங்க. நாள் குறிக்கிறதுக்கு.”

“ஹோப் யூ அண்டர்ஸ்டாண்டுன்னா?”

“உனக்குப் புரியுதான்னு கேக்குறாங்க. இங்கிலீஷ்ல போட்டிருக்காங்கள்ல.”

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. புரிகிறது என்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. வகுப்புக்குப் போகிறவள் அல்லவா. நானே தட்டினேன்: ஓகே சிஸ்டர். தேங்க் யூ. வெரி ஹேப்பி. கூடவே ஒரு ரோஜாப்பூ படம்.

போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கும் வசதி இருக்கிறது என்று பிற்பாடு ஹேமா சொன்னாள். இருக்கலாம். புரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் யாரும் அகராதி தேடுவதில்லை.

வியாழக்கிழமை குணா வேலைக்குப் போகவில்லை. கேசரி கிண்டினேன். போனைச் சாமிமாடத்துக்குக் கீழே வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரே ஒரு அழைப்பு வந்தது, தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்.

5

மறுநாள் ஹேமா பினாங்கிலிருந்து சொல்லாமல் வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. தினேஷ் அவளுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான், அவன் அம்மா எனக்கு அனுப்பி நாலு நாள் கழித்து. திங்ஸ் டிடின்ட் ஒர்க் அவுட். டேக் கேர்.

“அப்படின்னா?” என்றேன்.

“சரிப்பட்டு வரலன்னு அர்த்தம் மா.”

“எது சரிப்பட்டு வரல?”

“திங்ஸ்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மூன்று வருடமாக என் பெண்ணோடு சுற்றிய பையன். அவனுக்குப் பிடிக்கவில்லையா, அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா, எதுவும் கிடையாது. திங்ஸ் என்று சில பொருள்கள் இருந்திருக்கின்றன, அவை சரியாக வேலை செய்யவில்லை, தினேஷ் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்றால்கூடக் கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்பார்கள்.

பிறகு நான் எனக்கு வந்த செய்தியைக் காட்டினேன். படித்தாள். கீழே நான் எழுதிய பதிலையும் படித்தாள். ரோஜாப்பூவைப் பார்த்தாள்.

“மா, இது என்னாது?”

“ஆஃப் அன்னைக்குக் கூப்பிடுறாங்கன்னு...”

“கால் ஆஃப்னா கேன்சல் மா. கல்யாணத்தைக் கேன்சல் பண்ணிட்டோம்னு சொல்லிருக்காங்க. நீங்க தேங்க் யூ, வெரி ஹேப்பின்னு போட்டிருக்கீங்க.”

குணா கேசரித் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் லாரியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த லாரி.

ஹேமா அன்றைக்கு என்னோடு அப்புறம் பேசவில்லை. அறைக்குள்ளிருந்து தோழி யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்த ஒரே சொல் “மை மம்”.

ஊரில் ஒரு சம்பந்தம் முறிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தாய்மாமனாவது வாசலில் வந்து நின்று, உங்க வீட்டுச் சவகாசமே வேண்டாம் என்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் போவார். அசிங்கம்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்னது யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். லலிதா அக்காவுக்கு அந்தத் தைரியம் இல்லை. தமிழில் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இருக்கிறதே, ஒரு வாலை ஒட்டி அனுப்பிவிட்டால் போதும்.

6

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சில வாரத்தில் கடைக்கு வருகிறவர்கள் சேலையைப் புரட்டிக்கொண்டே விசாரிக்க ஆரம்பித்தார்கள். வாடிக்கையாக வருகிற பாக்கியம் அக்காதான் முதலில்.

“ஏன் தனம், ஹேமா கல்யாணம் நின்னு போச்சாமே?”

“ஆமாக்கா.”

“லலிதா சொன்னாங்க, ஃபெல் த்ரூ ஆயிடுச்சு, பொண்ணு வீட்லயும் சந்தோஷமாத்தான் ஒத்துக்கிட்டாங்கன்னு. மெசேஜ்கூட காட்டுனாங்க. பூவெல்லாம் போட்டு.”

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணுக்கு வேற யாரும் இருக்கா? சொல்லு லா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அப்போதுதான் விளங்கியது. நின்று போயிற்று என்றால் யார் நிறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை. ஏன் நின்றது என்று கேட்பார்கள். அதற்குப் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள், அது எப்போதும் பெண் பக்கம்தான் இருக்கும். இதில் ஆங்கிலத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் தமிழிலும் நின்றது, நிறுத்தினார்கள் என்று இரண்டும் இருக்கின்றன. நம் ஆட்கள் வசதிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறார்கள். ஹேமாவுக்கு இருபத்தைந்து வயது. இந்த ஊரில்தான் அவள் பெயர் இருக்கிறது. வேறு யாரோ இருக்கிறான் என்கிற பேச்சு ஒட்டிக்கொண்டால், அதை நான் எந்தக் கவுண்டரில் போய் அழிப்பேன்?

சனிக்கிழமை வகுப்பில், வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன். ஃபால் த்ரூ என்றால் என்ன சார் என்று கேட்டேன். ஜோசப் சாருக்கு ஒரே சந்தோஷம்.

“வெரி குட், வெரி குட் குவெஸ்டின். ஃபால் த்ரூ, இன்ட்ரான்ஸிட்டிவ். திட்டம் போட்டது நடக்காமப் போறது. யாரும் செய்யறதில்ல, தானா நடக்கும். ஆப்ஜெக்ட் வராது.”

“அப்ப கால் ஆஃப் சார்?”

“அது ட்ரான்ஸிட்டிவ். யாராவது ஒருத்தர் செய்யணும்.”

பலகையில் உதாரணம் எழுதினார். தி வெட்டிங் ஃபெல் த்ரூ. எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றார். மற்ற பெண்கள் சொன்னார்கள், ரயில்வேக்காரரும் விழித்துக்கொண்டு சொன்னார். சார் இன்னொரு தடவை என்றார். என் மகள் கல்யாணம் தானாக நின்றதை ஒரு வகுப்பே ராகம் போட்டுப் படித்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மனிதர் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு திருப்தியாகச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது. அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை.

7

ஈப்போவுக்குப் பக்கத்தில் பத்து காஜா என்கிற ஊரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மணப்பெண் ஹேமாவோடு பள்ளியில் படித்தவள், போகாமல் இருக்க முடியாது. ஹேமா வரமாட்டேன் என்றாள். குணா, “வராட்டிதான் லா பேசுவாங்க” என்றார். வந்தாள். மண்டபத்தில் வட்ட மேசைகள், மேசைக்குப் பத்துப் பேர். வாசலில் நின்ற பையன் காலியாக இருந்த இடமாகப் பார்த்து எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தான். எதிரே லலிதா அக்கா. அவருக்குப் பக்கத்தில் பாக்கியம் அக்கா. எழுந்து வேறு மேசைக்குப் போகலாம் என்று நினைத்தேன், அதற்குள் தட்டு வைத்துவிட்டார்கள்.

லலிதா அக்கா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கூச்சம் என்பது எனக்குத்தான், அவருக்கு இல்லை. மேசையில் யாரோ ஒரு அம்மா, விவரம் தெரியாதவர், “தினேஷுக்கு எப்ப கல்யாணம் லலிதா?” என்று கேட்டுவிட்டார்.

“பேசிட்டு இருந்தோம். இட் ஃபெல் த்ரூ. வாட் டு டூ, அந்தப் பக்கம் எப்படின்னு நமக்குத் தெரியாது இல்ல.”

அந்தப் பக்கம் என்று சொல்லும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். ஹேமா முள்கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தமிழில் சொன்னால் சண்டை என்பார்கள், ஊர்க்காரி புத்தி என்பார்கள். அவர் மொழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சின்னக் குரல்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றிருந்தது.

“நோ அக்கா. நாட் ஃபெல் த்ரூ. யூ கால்டு ஆஃப் இட்.”

சொன்ன உடனேயே தெரிந்துவிட்டது, தப்பு. இட் நடுவில் வரவேண்டும். ஒரு முழுச் சனிக்கிழமை படித்த விதி. இவ்வளவு நாளும் பேசாமல் இருந்துவிட்டு, பேசிய ஒரே வாக்கியத்தையும் தப்பாகச் சொல்லி மகளை இன்னொரு தடவை தலைகுனிய வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

லலிதா அக்கா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கையைத் துடைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி, மேசை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

“கால்டு ஆஃப் இட் இல்ல தனம். அப்படிச் சொல்லக் கூடாது. இட் நடுவுல வரும். வீ கால்டு இட் ஆஃப். எங்க, சொல்லுங்க பார்ப்போம். வீ கால்டு இட் ஆஃப்.”

நான் சொல்லவில்லை. பாக்கியம் அக்கா கோழித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு லலிதா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓ. நீங்கதானா வேணாம்னு சொன்னது?”

“இல்லக்கா, நான் கிராமர் சொன்னேன் லா.”

“கிராமர் சரி. அன்னைக்கு ஃபெல் த்ரூன்னீங்க. எதுக்கு வேணாம்னீங்க? பொண்ணு நல்ல பொண்ணாச்சே.”

“அது வந்து, தினேஷுக்கு...”

“தினேஷுக்கு என்னா?”

அவருக்கு வாலும் கிடைக்கவில்லை, வினையும் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்தார். மணமக்களோடு படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் மேடைக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இன்னொருத்தி தப்பாகப் பேசினால் திருத்தாமல் இருக்க முடியாத ஆசை அது. அந்த ஆசைக்கு முன்னால் தன் பொய்யைக்கூட அவரால் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு அற்பமான ஒருவர் எங்களை அற்பமாக நினைத்திருக்கிறார் என்பதில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் ஹேமா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“மா, வேணும்னுதான் தப்பா சொன்னீங்களா?”

“இல்ல. தப்பாத்தான் வந்துச்சு.”

“நெஜமா?”

“நெஜமாத்தான். இட்டு நடுவுல வரும்னு எனக்குத் தெரியும். வாய்ல வரல.”

ஹேமா சிரிக்க ஆரம்பித்தாள், அழுகிற மாதிரி இருந்தது, சிரிப்புத்தான். குணா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, “எப்படி வந்தா என்னா லா” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். ஹேமா காலை பஸ்ஸில் பினாங்குக்குப் போய்விட்டாள். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வராத ஒரு அம்மா ஜாக்கெட் துணி எடுத்துக்கொண்டே, “ஏன் தனம், அவங்க எதுக்கு நிறுத்துனாங்களாம்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தேன்.